மேட்டில் நின்றுபோகும் வண்டி

அந்த வண்டி நின்றுபோக ஆரம்பித்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது தம்பி மேல்.

வண்டி என்று சொல்வது ஒரு ரிமோட் லாரியை. கைக்குழந்தை நீளம் இருக்கும். நான்கு பெரிய சக்கரம், உள்ளே பிரஷ்லெஸ் மோட்டார். கார்பன் தேயாது, சத்தம் குறைவு, இழுவை அதிகம். ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த என் தம்பி ஆசையாக வாங்கி வைத்திருந்தான். கல்யாணம் ஆனதும் வீட்டில் வைக்க இடமில்லை என்று என்னிடம் கொடுத்துவிட்டான். அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். மகள் திருவண்ணாமலையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான்.

அவர் நிஜமான வண்டிக்காரர். மினி லாரி ஓட்டுகிறார். மலையிலிருந்து புளி, சாமை, சீசனில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போளூருக்கு இறங்குவார், மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். நான் கீழே சமவெளியில், கணியம்பாடிப் பக்கத்துப் பெண். அவர் இந்த மலையிலேயே பிறந்தவர். தம்பி கொடுத்த அட்டைப்பெட்டியை நான் பஸ்ஸிலிருந்து இறக்கியபோது அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் ஓட்டறது பத்தாதா, நீயும் ஓட்டணுமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வண்டியோடு வந்த பேட்டரி உப்பிப்போயிருந்தது. புதிது ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அதன் பிளக் வேறு மாதிரி இருந்ததால், வண்டிப் பக்கத்தில் இருந்த பழைய பிளக்கை வெட்டிவிட்டு, புதுப் பேட்டரிக்குப் பொருந்துகிற பிளக்கை நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். அது எனக்கு ஒரு வேலையே இல்லை. அரிசி பாதி அளவு இருக்கிற சார்ஜிங் பின்னைக் கழற்றிப் புதிது வைக்கிறவள் நான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாமைக் கொல்லை. அதை ஒட்டி ஒரு செம்மண் மேடு. கடை மூடிவிட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே அங்கே ஓட்டுவேன். சமதளத்தில் பறக்கும். மேட்டில் பாதி ஏறும். அங்கே திடீரென்று மோட்டார் அடங்கிவிடும். யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி நிற்கும். ஒரு நிமிஷம் விட்டால் மறுபடி கிளம்பும். திரும்ப ஏற்றினால் திரும்ப நிற்கும்.

முதலில் சிக்னல் கோளாறு என்று நினைத்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு செல்போன் டவர் உண்டு. ஆனால் வண்டி நின்றிருக்கும்போதே ரிமோட்டைத் திருப்பினால் முன்சக்கரம் இடமும் வலமும் நன்றாகத் திரும்பியது. ரிமோட் சொல்வது வண்டிக்குக் கேட்கிறது. மோட்டாருக்கு மட்டும் கரண்ட் போகவில்லை. அத்தோடு டவரை விட்டுவிட்டேன்.

மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்க உள்ளே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஸ்பீடு கன்ட்ரோலர் என்பார்கள். சூடு அதிகமானாலோ பேட்டரி இறங்கினாலோ அது தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். எதற்காக நிறுத்தியது என்பதைச் சிவப்பு விளக்கைச் சிமிட்டிச் சொல்லும். மேட்டில் நின்ற வண்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டாரும் கன்ட்ரோலரும் தொடுகிற சூட்டில்தான் இருந்தன. விளக்கு சிமிட்டிய கணக்குக்கு, வண்டியோடு வந்த புத்தகத்தில் "பேட்டரி தீர்ந்துவிட்டது" என்று போட்டிருந்தது. பேட்டரியைக் கழற்றி மீட்டரை வைத்தேன். முக்கால்வாசிக்கு மேல் சார்ஜ் இருந்தது.

பேட்டரி நிறைய இருக்கிறது, பெட்டி தீர்ந்துவிட்டது என்கிறது. இரண்டில் ஒன்று பொய். என் கையில் இருந்த மீட்டர் பொய் சொல்லாது. அப்படியானால் பெட்டி கெட்டுப்போனது. பெட்டி தம்பி கொடுத்தது.

போன் போட்டேன்.

"இன்னாடா, வண்டி மேட்டுல நிக்குது. உனக்குத் தெரிஞ்சுதான் குடுத்தியா?"

"என்கிட்ட ஒரு தடவகூட நின்னதில்லக்கா. நீ அதுல இன்னா பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்? புது பேட்டரி போட்டேன், அவ்ளோதான். பல்சக்கரம் எதுனா மாத்தி வச்சியா?"

"எதையும் மாத்தல. வேணான்னா திருப்பிக் குடுத்துரு."

போனை வைத்துவிட்டான். குற்றம் இருக்கிறவனுக்குத்தான் இவ்வளவு சீக்கிரம் கோபம் வரும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அவனிடம் நான் பேசவில்லை.

அடுத்த வாரம் சந்தேகம் வீட்டுக்குள் வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அட்டைப்பெட்டியைத் திறந்தபோது பின் அச்சில் ஒரு புல் முள் ஒட்டியிருந்தது. முந்தின நாள் நான் பழைய துணியால் அச்சைத் துடைத்துத்தான் வைத்தேன். மூடியைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி ஊசியை நான் எப்போதும் வளையம் வலப்பக்கம் வருகிற மாதிரி மாட்டுவேன். அது இடப்பக்கம் இருந்தது. பேட்டரியில் மீட்டரை வைத்தேன். காலையில் கடைக்குப் போகும்முன் முழுதாகச் சார்ஜ் போட்டு வைத்தது, பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஊசி மேலும் அது நுழைகிற துளை மேலும் சேர்த்து ஒரே கோடாக நகப்பாலிஷ் தொட்டு வைத்தேன். கடையில் அன்றைக்கு நான் கழற்றிய போன்களில் மனசு ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஊசியில் இருந்த பாதிக் கோடு ஒரு பக்கம், துளை மேல் இருந்த பாதி வேறு பக்கம்.

அவர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் வூட்டுக்கு வந்தீங்களா?"

"வந்தேன். சாப்ட்டுட்டு போனேன்."

"அந்த அட்டப்பெட்டிய எடுத்தீங்களா?"

"எந்த அட்டப்பெட்டி?"

முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டுக்குள்ளேயே இதைச் சொன்னார். எங்கள் வீட்டில் அட்டைப்பெட்டி என்று ஒன்றுதான் இருந்தது.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் என்னிடம் பொய் சொல்லி நான் கையோடு பிடித்ததில்லை. பொய் சொன்னதே இல்லையா, நான் பிடிக்காமல் விட்டேனா என்று அன்றைக்குத்தான் முதல் தடவை யோசித்தேன்.

காரணமும் எனக்குக் கிடைத்துவிட்டது. ஒரு மாசத்துக்கு முன் டீக்கடையில் அவருடைய சித்தப்பா மகன், "உன் பொண்டாட்டியும் லாரி ஓட்றாளாமே, லைசென்ஸ் எடுத்துக் குடுத்துட்டியா?" என்று கேட்டிருக்கிறான். கடையே சிரித்திருக்கிறது, இவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். கடைக்காரர் மனைவி என்னிடம் ரீசார்ஜ் செய்ய வந்தபோது சொன்னாள். அந்த அவமானத்தில், நான் இதை விட்டுத் தொலைக்க வேண்டும் என்று இவர் பேட்டரியைத் தீர்த்து வைக்கிறார், உள்ளே எதையோ ஆட்டியும் வைக்கிறார். இப்படித்தான் கோத்துக்கொண்டேன். கோத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது.

ஒன்றைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் அது ஒன்றோடு நிற்பதில்லை. போளூரிலிருந்து மணி ஒன்றுக்குத் திரும்பினேன் என்று அவர் சொன்னால், ஏன் ஒன்று என்று தோன்றியது. போனில் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனால், உள்ளே பேசினால் என்ன என்று தோன்றியது. அவர் குளித்த பிறகு சோப்பை எடுத்து, இவ்வளவு தேய்ந்திருக்கிறதே என்றுகூட ஒரு நாள் பார்த்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன். அவர் வழக்கம்போலச் சாப்பிட்டார், தூங்கினார், மகளோடு போனில் பேசினார். அவர் வழக்கம்போல இருப்பதே எனக்கு நடிப்பாகத் தெரிந்தது.

சாயங்காலம் வண்டி மேட்டில் நிற்பது மட்டும் மாறவில்லை. நான் பேட்டரியை என் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போய், அங்கேயே சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து ஓட்டிய நாளிலும் நின்றது. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். பேட்டரியைத் தொடாத நாளிலும் நிற்கிறது என்றால் உள்ளே வேறு எதையோ செய்துவைத்திருக்கிறார் என்றுதான் யோசித்தேன்.

ஒரு சந்தை நாள். கடையில் கூட்டம் இருக்கிற நாள் அது. பதினொன்றரை மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஊர் வாயிலில் இறங்கி, பாதையில் போகாமல் கொல்லை வழியாக நடந்தேன். என் வீட்டுக்கு நானே திருட்டுத்தனமாக நடந்து போனது அந்த ஒரு தடவைதான்.

மினி லாரி பாதை ஓரத்தில் நின்றது. வீடு பூட்டியிருந்தது. மேட்டுப் பக்கத்திலிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. பலா மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அவர் மேட்டின் அடியில் நின்றிருந்தார். ரிமோட் கையில். வண்டியின் பின்தட்டில் ஒரு சின்னத் துணிப்பையில் சாமையோ மண்ணோ கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தார். வண்டி ஏறியது. நான் ஓட்டும்போது நிற்கிற இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அவர் ஏறிப்போய்க் குந்தி உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். திடீரென்று கையை வெடுக்கென்று இழுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் மரத்தை விட்டு வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்தார். ரிமோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்த அட்டப்பெட்டின்னு கேட்டீங்களே," என்றேன்.

அவர் ரிமோட்டின் சுவிட்சை அணைத்தார்.

"எத்தினி நாளா நடக்குது?"

"மூணு வாரம் இருக்கும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஓட்டறதுக்குத்தான்." மறுபடி வண்டி பக்கத்தில் குந்தி, "இங்க வா. இந்த ஒயரத் தொட்டுப் பாரு," என்றார்.

பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். நான் அசையவில்லை. அவரே பேட்டரியைக் கட்டியிருந்த பட்டையை விலக்கிக் காட்டினார். பேட்டரியும் வண்டியும் சேர்கிற அந்தப் பிளக், பட்டைக்கு அடியில் மறைந்திருக்கும். நான் மோட்டாரைத் தொட்டிருக்கிறேன், கன்ட்ரோலரைத் தொட்டிருக்கிறேன், பேட்டரியைத் தொட்டிருக்கிறேன். அதைத் தொட்டதில்லை. குனிந்து விரலை வைத்தேன். கொதித்த பால் பாத்திரத்தைத் தொட்ட மாதிரி இருந்தது.

"நம்ம வண்டில பேட்டரி டெர்மினல் லூசா இருந்தா ஹாரன் அடிக்கும், லைட் எரியும்," என்றார். "ஸ்டார்ட் பண்ண செல்ஃப் அடிச்சா மட்டும் கப்புனு அடங்கிடும். கம்மியா இழுத்தா போவும், நெறைய இழுத்தா போவாது. இதுவும் சமதரைல ஓடுது, மேட்டுல நிக்குது. லோடு வச்சா இன்னும் சீக்கிரம் நிக்குது. அதான் பை கட்டி ஓட்டிப் பாத்தேன். இந்த எடந்தான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. என் மீட்டர் பொய் சொல்லவில்லை. பேட்டரி நிறையத்தான் இருந்தது. பெட்டியும் பொய் சொல்லவில்லை. மேட்டில் மோட்டார் பலமாக இழுக்கும்போது அந்தப் பிளக்கிலேயே வோல்டேஜில் ஒரு பங்கு சூடாகி வீணாகிறது, அதைத் தாண்டி இருக்கிற பெட்டிக்குக் குறைவாகத்தான் வந்து சேருகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, பிளக்குக்கு இந்தப் பக்கத்திலேயே அளந்துகொண்டிருந்தேன்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"அது நீ பத்தவச்ச எடம்."

"அதுக்கு?"

"ஊரே போனத் தூக்கிக்கினு உன்கிட்ட வருது. நான் போய் உன் ஈயம் சரியில்லன்னு சொல்றதா? நல்லா தெரிஞ்சுக்கினு சொல்லலாம்னு இருந்தேன்."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. "நீங்க ஆட்டி ஆட்டி லூசாக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இத்தினி நாளா அப்படித்தான் நெனச்சுக்கினு இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். ரிமோட்டை என் கையில் கொடுத்தார். "லோடு ஏத்தணும், போய்ட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மினி லாரி கிளம்பிப் போகிற சத்தம் வளைவு தாண்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தது.

வண்டியை வீட்டுக்குள் எடுத்து வந்து பிளக்கின் மேல் இருந்த ரப்பர் உறையைப் பிளேடால் கீறினேன். வெளியே என் ஈயம் பளபளவென்று உருண்டையாக, அழகாக இருந்தது. ஒயரைப் பிடித்து லேசாக இழுத்தேன். பாதிக்கு மேல் கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு இழைகள் ஈயமே படாமல் செம்பு நிறத்திலேயே இருந்தன. மேல்தோலில் மட்டும் ஈயம் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஈயம் உருக்குகிற என் அயர்ன், செல்போன் வேலைக்கான ஊசி முனை அயர்ன். பென்சில் கனமுள்ள ஒயரை அது சூடாக்கவே இல்லை. ஈயம் உருகியது, ஒயர் சூடாகவில்லை. ஈயம் உருகியதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். யாரும் எதையும் ஆட்டவில்லை. என் தம்பியும் ஆட்டவில்லை, இவரும் ஆட்டவில்லை. புது ஆளாக வேலைக்கு வந்த பையன் இப்படிப் பற்றவைத்திருந்தால், பார்த்த உடனேயே என்னவென்று சொல்லியிருப்பேன்.



அப்புறம் மறுபடி ஜமுனாமரத்தூருக்குப் போனேன். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் ஒருவர் மார்க்கெட் பின்னால் இருக்கிறார். அவரிடம் கரண்டிக் காம்பு கனத்தில் ஒரு பெரிய அயர்ன் உண்டு. "உங்களுக்கு எதுக்குங்க இது?" என்று கேட்டார். ஒரு தடித்த ஒயர் பற்றவைக்க வேண்டும் என்றேன். அவர் கடையிலேயே உட்கார்ந்து, ஒயருக்கும் பிளக்குக்கும் தனித்தனியாக ஈயம் ஏற்றி, இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினேன். ஈயம் இழைகளுக்குள் தண்ணீர் மாதிரி இறங்கியது. ஆறின பிறகு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தார். சாப்பாடு போட்டேன்.

"என் ஈயந்தான். உள்ள ஒட்டவே இல்ல," என்றேன்.

"ம்."

"பெரிய அயர்ன்ல புதுசா வச்சிட்டேன்."

"நல்லதாப் போச்சு."

"அப்படிக் கேட்டிருக்கக் கூடாது நான்."

ரசத்தை ஊற்றிக்கொண்டார். "நானும் எந்த அட்டப்பெட்டின்னு கேட்டிருக்கக் கூடாது," என்றார். பிறகு அவராகவே சொன்னார். டீக்கடையில் எல்லாரும் சிரித்தபோது தானும் சிரித்துவிட்டாராம். அப்படிச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, எனக்கும் ஒரு தடவை கொடு என்று எந்த வாயால் கேட்பது என்றிருந்ததாம். ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்றுதான் எடுத்தாராம். மேட்டில் நின்றுபோனதும், தன்னால்தான் கெட்டுவிட்டது என்று பயந்து மறுநாளும் எடுத்தாராம். நான் ஓட்டும்போதும் நிற்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்ததாம்.

அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் ஞாயிறு. இரண்டு பேரும் காலையிலேயே மேட்டுக்குப் போனோம். வெறும் வண்டியாக ஏற்றினேன். நிற்கிற இடத்தைத் தாண்டியது, உச்சிக்குப் போனது. அவர் அதே துணிப்பையை எடுத்துக் கட்டினார். அதோடும் ஏறியது. இறக்கியதும் பட்டையை விலக்கிப் பிளக்கைத் தொட்டேன். வெதுவெதுப்புதான். அவரும் தொட்டார். நான் தொட்டது போதாது என்று அவர் தொட்டதும், அவர் சரியாகத்தான் தொட்டாரா என்று நான் திரும்பத் தொட்டதும் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது இருவருமே சிரிக்கவில்லை.

ரிமோட்டை அவரிடம் கொடுத்தேன். மலை ரோட்டில் இத்தனை வருஷம் லோடு ஓட்டியவர். ஆனால் வண்டி தன்னைப் பார்த்து வரும்போது இடம் வலமாகவும், வலம் இடமாகவும் மாறிப்போவது அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு தடவை முள்வேலியில் விட்டார்.

தம்பிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "நீ இன்னா பண்ணன்னு நான் அன்னிக்கே கேட்டேன்ல," என்றான். அந்தத் தீபாவளிக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வேலை என்றான். வேலைதானா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் கடையில் எனக்கு நிம்மதி போய்விட்டது. பளபளவென்று இருக்கிற என் ஈயத்தையெல்லாம் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். செல்போனுக்கு என் அயர்ன் போதும், அது தெரியும். தெரிந்தும் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் போன் கொண்டுவந்திருந்தார். சார்ஜிங் பின் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே அணைந்து அணைந்து எரிகிறது என்று திரும்பக் கொண்டுவந்தார். தண்ணீரில் போட்டிருப்பீர்கள் என்றேன். போடவில்லை என்று அடித்துச் சொன்னார். நீங்கள் சொல்லாவிட்டாலும் போன் சொல்லும் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது அவரைக் கூப்பிட்டு, திரும்பக் கொண்டுவாருங்கள், என் வேலையிலேயே தப்பு இருக்கலாம் என்றேன். அவருக்கு ஆச்சரியம்.

கொண்டுவந்தார். அவர் முன்னாலேயே திறந்தேன். என் ஈயம் சரியாக இருந்தது, ஊசியால் நெம்பியும் அசையவில்லை. அதற்குப் பக்கத்தில், போர்டின் ஓரத்தில், தண்ணீர் பட்ட களிம்பு பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

"பனியா இருக்கும்ங்க," என்றார். "இங்கதான் பனி ஜாஸ்தியாச்சே."